எபிசோடு 37: வெயிலில் வெடித்த ஸ்டியரிங்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

வாலிகண்டபுரத்துல இருந்து பேசறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்குங்க, திருச்சி - சென்னை ரோடு பக்கத்துலதான். ஆபீஸ் மீட்டிங்லயே அந்தச் சத்தத்தை மறைக்க முடியல, இங்க மட்டும் எப்படி மறைக்கறது.

கார்புரேட்டர் எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே மாதிரி இருந்துச்சு. "வீட்டுல பழைய அம்பாசடர் இருக்கு, ஸ்டியரிங் வளையம் பூரா விரிசல். பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சேன், ஒரே வருஷத்துல அதே இடத்துல திரும்ப வெடிச்சிருச்சு. ஏன்?" சிலர் பத்மினி, ஒருத்தர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டு நம்ம மெட்ராஸ்லயே தயாரான கார், 1961-ல ஆரம்பிச்சது. அதை இன்னும் வெச்சிருக்கறவருக்கு ஒரு சலாம்.

அதனால இன்னைக்கு முழுக்க ஸ்டியரிங் வளையம்தான். அது ஏன் வெடிக்குது, எப்படிச் சரி பண்றது, எப்ப சரி பண்ணவே கூடாது. இந்த மூணாவதுதான் எனக்கு முக்கியம். சீட்டுல கிழிசல் இருந்தா முதுகு குத்தும், அவ்வளவுதான். ஸ்டியரிங் அப்படியில்ல, ரோட்டுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற ஒரே பிடி அது.

முதல்ல அது எதனால ஆனதுன்னு பார்த்துருவோம். அந்தக் காலத்து ஸ்டியரிங்கைக் குறுக்கால வெட்டினா நடுவுல ஒரு இரும்புக் கம்பி இருக்கும். சுண்டுவிரல் பருமனுக்கும் கம்மி. அதைச் சுத்தி அச்சுல வெச்சு, சூடா, அழுத்தி ஊத்தின ஒரு பிளாஸ்டிக் உறை. நம்ம பக்கம் எல்லாரும் அதை "பேக்லைட்"னு சொல்லிருவாங்க. பேக்லைட்ங்கறது 1907-ல பேக்லண்ட் கண்டுபிடிச்ச பீனால் பிசின். உண்மையில நிறைய ஸ்டியரிங் அது கிடையாது. ஒண்ணு, கந்தகம் நிறையச் சேர்த்து இறுக வெச்ச கெட்டி ரப்பர், அதாவது ஈபோனைட். திருவள்ளூர் பக்கம் இன்னும் இதுல பேனா கடையறாங்க. இல்லேன்னா செல்லுலோஸ் அசிடேட் வகை.

உங்க வண்டில எதுன்னு கண்டுபிடிக்க லேப் வேணாம், மூக்கு போதும். வளையத்தோட அடிப்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்துல உப்புத்தாளை வெச்சு சூடாகற அளவுக்குத் தேய்ங்க. உடனே முகர்ந்து பாருங்க. கந்தகம், எரிஞ்ச ரப்பர் வாசம் வந்தா ஈபோனைட். வெயில் பட்ட மேல்பக்கம் மட்டும் பச்சையும் பழுப்புமா வெளுத்திருந்தா இன்னும் உறுதி. ஆஸ்பத்திரி பினாயில் மாதிரி வந்தா பேக்லைட். புளிச்ச காடி, வினிகர் வாசம் வந்தா அசிடேட். பழைய சினிமா பிலிம் சுருள் டப்பாவைத் திறந்தா வர்ற அதே வாசம். அந்த பிலிமும் அசிடேட்தான், ரெண்டுக்கும் ஒரே நோய். பொருள் சிதையச் சிதைய அசிட்டிக் அமிலம் கசியும். ஸ்டியரிங்ல கூடுதல் தொல்லை என்னன்னா, அந்த அமிலம் உள்ள இருக்கற இரும்புக் கம்பியையும் சேர்த்துத் தின்னும். வினிகர் வாசம் வந்தா கம்பி மேல சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு, அசிடேட்டை தின்னரால துடைக்காதீங்க. பெயிண்டர்கள் கைப்பழக்கத்துல முதல் வேலையா தின்னர்த் துணியை எடுப்பாங்க. மேல்தோல் கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிரும், அப்புறம் எந்தப் பெயிண்டும் ஒழுங்கா நிக்காது. சோப்புத் தண்ணி, அதுக்கப்புறம் சானிடைசர் தயாரிக்கற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அது போதும்.

சரி, ஏன் வெடிக்குது? இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க, மீதி எல்லாம் இதுலதான் நிக்குது.

16 அங்குல வளையம்னு வெச்சுக்குவோம். சுற்றளவு ஏறக்குறைய 128 சென்டிமீட்டர். விடியற்காலை 25 டிகிரி. மதியம் கண்ணாடி ஏத்திவிட்டு வெயில்ல நிக்கற காருக்குள்ள ஸ்டியரிங் 65 டிகிரி போகும். கையை வெச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும். 40 டிகிரி வித்தியாசம். இந்த 40 டிகிரிக்கு இரும்புக் கம்பி அந்த முழுச் சுற்றுக்கும் 0.6 மில்லிமீட்டர்தான் நீளும். மேல இருக்கற உறை, அதைத் தனியா விட்டா, சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். ஆறு ஏழு மடங்கு. ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டது, அதுவும் ஸ்போக் சேர்ற இடத்துல இறுக்கமா.

மதியம் உறை விரியப் பார்க்குது, இடமில்ல. தன்னைத்தானே நெரிச்சுக்கிட்டு கொஞ்சம் தளர்ந்து உட்காருது. ராத்திரி குளிரும்போது சுருங்குது, இப்ப அதுக்கு நீளம் பத்தல. இழுபடுது. இதுக்கு மேல, பிளாஸ்டிக்கை இளக்கமா வைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருட்கள் வருஷக்கணக்குல ஆவியாகிப் போய், உறை நிரந்தரமாகவே சுருங்கியிருக்கு. ஒரு நாள் ராத்திரி, ஸ்போக் பக்கத்துல, டப்புனு விடும். நாம பகல்ல பார்க்கறதால வெயில்தான் வெடிக்க வெச்சுதுன்னு நினைப்போம். வெயில் ஆரம்பிச்சு வைக்குது, வெடிக்கறது குளிர்ல.

இப்ப அந்தப் பட்டி ஏன் நிக்கலன்னு புரிஞ்சிருக்கும். டிங்கரிங் பட்டறையில பாடிக்குப் போடற பட்டியை எடுத்து விரிசல் வாயில தேய்ச்சு விடறாங்க. அது தகரத்துக்காகப் பண்ணின பொருள். மெல்லிசா மேலாப்புல ஒட்டியிருக்கும், இழுவையைத் தாங்காது. அடில விரிசல் அப்படியே உயிரோட இருக்கு. எங்க வேலையில இதுக்கு ஒரு பேர் உண்டு, எரரைச் சரி பண்ணாம எரர் மெசேஜை மட்டும் மறைச்சு வைக்கறது.

சரியான வழி என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி, நான் கிட்ட இருந்து பார்த்த ஒரு ஸ்டியரிங்கைப் பத்திச் சொல்லிடறேன். எங்க பெரியப்பாவோடது. 1976 மாடல் அம்பாசடர், மார்க் 3. ரொம்ப வருஷம் பெரம்பலூர்ல டாக்ஸி ஓட்டினவர். இப்ப அந்த வண்டி சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு மட்டும்தான். கோயில் திறக்கறதே திங்களும் வெள்ளியும்தானே, மாசத்துல ரெண்டு மூணு வெள்ளி போவார். சின்ன தூரம்தான். ஆனா ஹைவேல, லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவுல.

வளையத்துல ஏழு விரிசல். ஒரு பட்டறையில, "இதெல்லாம் வேலைக்கு ஆகாதுங்க, 13 அங்குல ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் போட்டுத் தர்றேன், வண்டி சும்மா ஜம்முனு இருக்கும்"னு சொல்லியிருக்காங்க. பெரியப்பா எனக்கு போன் பண்ணி, "தம்பி, போட்டுறட்டுமா?"ன்னார்.

நான் வேண்டாம்னேன். அழகுக்காகச் சொல்லல. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டில அந்தப் பெரிய வளையம்தான் நெம்புகோல். 16-ஐ 13 ஆக்கினா, அதே திருப்பத்துக்குக் கையால கொடுக்க வேண்டிய பலம் சுமார் 23 சதவீதம் கூடும். 10 கிலோ இழுவை கேட்ட இடத்துல 12.3 கிலோ. நின்ன வண்டியைத் திருப்பும்போதுதான் இது தெரியும். அறுபத்தெட்டு வயசு, வலது தோள்ல ஏற்கெனவே வலி. அவசரத்துல ஒடிக்க வேண்டி வந்தா அந்த 23 சதவீதம் எங்கிருந்து வரும்? பழைய வண்டிக்குச் சின்ன ஸ்டியரிங் மாட்டறவங்க ஏன் இதை யோசிக்கறதில்லன்னு எனக்குப் புரியறதே இல்ல.

அதனால கழட்டினோம். கழட்டறதுல ரெண்டு மூணு விஷயம் மட்டும் சொல்றேன். பேட்டரி நெகடிவை முதல்ல எடுத்துருங்க, ஹாரன் வயர் உள்ள இருக்கு. முன் சக்கரம் ரெண்டும் நேரா இருக்கணும். நடு நட்டைக் கழட்டினதும் தண்டுலயும் ஹப்லயும் சேர்த்து ஒரு கோடு போட்டு வையுங்க, திரும்ப மாட்டும்போது பல்லு மாறாது. நட்டை முழுசா எடுக்காதீங்க, மூணு மரை அளவு விட்டு வையுங்க. இல்லேன்னா புல்லர் போட்டு இழுக்கும்போது ஸ்டியரிங் திடீர்னு விட்டு மூஞ்சில அடிக்கும். சுத்தியலால தண்டுத் தலையில தட்டவே தட்டாதீங்க, அந்த அடி நேரா கீழ இருக்கற கியருக்குப் போகும்.

அடுத்தது விரிசலைத் திறக்கறது. ஆமா, மூடறதுக்கு முன்னாடி திறக்கணும். ஆக்சா பிளேடும் முக்கோண அரமும் போதும். வாய் அகலமா, அடி குறுகலா, கம்பி கண்ணுக்குத் தெரியற வரைக்கும் அறுக்கணும். தூசியை மூச்சுல இழுக்காதீங்க, தண்ணி தொட்டுத் தேய்ங்க. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்ல என்னென்ன சேர்த்தாங்கன்னு யாருக்குத் தெரியும்.

ஆறு விரிசல்ல கம்பி மேல லேசான துரு. அரத்தால சுரண்டி, துருவைக் கருப்பாக்கற பாஸ்பாரிக் அமிலத் திரவம் தடவி, கழுவி, காய வெச்சா முடிஞ்சது. ஏழாவது, இடது ஸ்போக் சேர்ற இடம். அங்க அரத்தை வெச்சதும் துரு செதில் செதிலா வந்துச்சு. வந்துக்கிட்டே இருந்துச்சு. நிறுத்திப் பார்த்தா கம்பில பாதிதான் மிச்சம்.

இங்கதான் கேள்வி. மேல எபாக்ஸி போட்டு மூடினா யாருக்கும் தெரியாது. பளபளன்னு இருக்கும். பெரியப்பாவும் அதைத்தான் சொன்னார். "இத்தனை வருஷம் தாங்கினது இனிமே என்ன பண்ணப் போவுது, மூடிருடா."

அந்தக் காலத்து ஸ்டியரிங் தண்டைப் பத்தி ஒரு விஷயம். மோதினா மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கற தண்டு, அமெரிக்காவுல 1968 ஜனவரியிலிருந்துதான் கட்டாயம் ஆச்சு. அதுக்கு முந்தின டிசைன்கள்ல தண்டு ஒரே நீளக் கம்பம், நேரா டிரைவர் நெஞ்சைப் பார்த்து நிக்கும். அதுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல கொஞ்சமாவது வளைஞ்சு கொடுக்கறது அந்த வளையமும் ஸ்போக்கும்தான். வளையம் ஒடிஞ்சா ஸ்போக் முனை ஈட்டி. மோதலே வேண்டாம், முழு பலத்தோட ஒடிக்கும்போது வளையம் கையோட வந்துருச்சுன்னா? எபாக்ஸி விரிசலை நிரப்பும். கம்பியோட வேலையை அது பார்க்காது.

வெல்டிங் வைக்கலாமேன்னு கேப்பீங்க. வளையத்துக் கம்பி நடுவுல சின்னதா ஒரு இடம்னா, நல்ல வெல்டர் இருந்தா, யோசிக்கலாம். ஸ்போக் வேர்லயும் ஹப்லயும் நான் ஒத்துக்க மாட்டேன். அங்கதான் முறுக்கு விசை முழுக்க வந்து நிக்குது. உறை இருக்கும்போது வெல்டிங் சூடு பட்டா சுத்தி நாலு விரல் தூரத்துக்கு அதுவும் போயிரும்.

ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல. அப்புறம் அவரே சென்னை புதுப்பேட்டைக்குப் போயி ஒரு பழைய ஸ்டியரிங் பிடிச்சுட்டு வந்தார். பார்க்க இன்னும் மோசம், பதினோரு விரிசல். கடைக்காரர் "இதையா?"ன்னு கேட்டாராம். ஆனா திறந்து பார்த்தா கம்பி ஒவ்வொரு இடத்துலயும் முழுசா இருந்துச்சு. கம்பி நல்லா இருந்தா மேல எத்தனை வெடிப்பு இருந்தாலும் பரவாயில்ல, வேலைதான் கூட.

இனி நிரப்பறது. எம்சீல் போடலாமான்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. அதுவும் எபாக்ஸிதான், ஒண்ணும் இல்லாததுக்கு அது மேல். என் தேர்வு, ரெண்டு ட்யூப்ல வர்ற மெதுவா இறுகற எபாக்ஸி. அஞ்சு நிமிஷத்துல இறுகறது வேண்டாம், சூட்டுல சீக்கிரம் இளகும். முதல்ல கம்பி மேலயும் பள்ளத்துச் சுவர்லயும் மெல்லிசா தேய்ச்சு ஈரமாக்கிட்டு, அப்புறம் நிரப்பணும். விளிம்பை விடக் கொஞ்சம் மேடா நிக்கட்டும்.

எந்த நேரத்துல நிரப்பறீங்கங்கறதுதான் முக்கியம். விடியற்காலையில நிரப்புங்க. அந்தக் கணக்கை ஞாபகம் வெச்சுக்குங்க: உறை குளிர்ல சுருங்கியிருக்கும், விரிசல் அப்பதான் இருக்கறதுலயே அகலமா இருக்கும். அந்த அகலத்தை நிரப்பிட்டா, மதியம் உறை விரியும்போது எபாக்ஸி நெரிபடும். நெரிசலை அது நல்லாத் தாங்கும். மதியம் ரெண்டு மணிக்கு, விரிசல் மூடிக்கிட்டு இருக்கும்போது நிரப்பினீங்கன்னா, அன்னைக்கு ராத்திரியே இழுக்க ஆரம்பிக்கும். பட்டறையில மதிய வேலையா இதைப் பண்றது, திரும்ப வெடிக்கறதுக்கு ஒரு பெரிய காரணம்னு நினைக்கிறேன். அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும், வேற வழியில்ல. காலையில இறுக நேரமாகும், நிழல்லயே விடுங்க, ஒரு முழு நாள்.

அடுத்த நாள்லேர்ந்து மூணு நாள் வெயில்ல போடுங்க. முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கூட்டிக்கிட்டே போங்க. ராத்திரி வெளியவே கிடக்கட்டும். இதுல ரெண்டு லாபம். சாதாரணச் சூட்டுல இறுகின எபாக்ஸி 50, 60 டிகிரிலேயே இளக ஆரம்பிக்கும், படிப்படியா சூடு காட்டினா அந்த வரம்பு மேல போகும். பெரம்பலூர் சித்திரை வெயில் இருக்கும்போது ஓவன் எதுக்கு. ரெண்டாவது, இன்னும் வெடிக்கக் காத்திருக்கற இடங்கள் இப்பவே வெளிய வரும். காலையில எழுந்ததும், வெயில் ஏறறதுக்கு முன்னாடி, டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்க ஸ்டியரிங்ல ரெண்டாவது காலை ரெண்டு புது விரிசல். பெயிண்ட் அடிச்ச பிறகு வந்திருந்தா அழுதிருப்போம். அதையும் திறந்து நிரப்பி, திரும்ப மூணு நாள்.

உருவம் கொண்டு வர்றது பொறுமை வேலை. 80 நம்பர்ல ஆரம்பிச்சு 120, 220, 400. எமரித் துணியை நாடா மாதிரி கிழிச்சு, ஷூவுக்குப் பாலிஷ் துணி இழுக்கற மாதிரி வளையத்தைச் சுத்தி இழுங்க, உருளையா வரும். பின்பக்கம் விரல் படியற மேடு பள்ளம் இருக்கு பாருங்க, அதுக்கு உருண்டை அரம் மட்டும்தான். எலெக்ட்ரிக் சாண்டரைக் கிட்ட கொண்டு வராதீங்க. நம்ம ஊர் வாலீஸ்வரர் கோயில் மாதிரி சோழர் கல்வெட்டு இருக்கற சுவர்ல மணலை வேகமா அடிச்சுச் சுத்தம் பண்ணா எழுத்து என்ன ஆகும்? அதுதான் இங்கயும். அந்தப் பள்ளங்கள் வியர்வைக் கையில ஸ்டியரிங் வழுக்காம இருக்கறதுக்காக வெச்சது.

பெயிண்ட் பத்திச் சுருக்கமா. எபாக்ஸி பிரைமர், 600 வாட்டர் பேப்பர், அப்புறம் ஹார்ட்னர் கலந்து அடிக்கற டூகே பெயிண்ட், மெல்லிசா மூணு கோட். சாதாரண எனாமல் கை வியர்வைக்குப் பிசுபிசுத்துப் போகும். ஆனா அந்த ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. மூச்சுல போனா ஆஸ்துமா வரும், ஒரு தடவை வந்துட்டா அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். வாசத்தை வெச்சு ஆபத்தான அளவைக் கண்டுபிடிக்க முடியாது. ஹைவே ஓரப் பட்டறைகள்ல பசங்க மூக்குல ஒரு துண்டைக் கட்டிட்டு இதை நாள் முழுக்க அடிக்கறாங்க. துண்டு தூசியைக்கூட முழுசாத் தடுக்காது, இந்த ஆவியை எங்கிருந்து தடுக்கும். நீங்க வேலை கொடுக்கற பட்டறைன்னா, கார்பன் பில்டர் மாஸ்க் ஒண்ணு வாங்கிட்டுப் போய்க் கொடுங்க. உங்க பெயிண்ட் செலவுக்கு முன்னாடி அது பெரிசில்ல.

பெயிண்ட் முழுசா இறுக ஒரு வாரம் விடுங்க. மாட்டும்போது போட்ட கோட்டைப் பொருத்தி, பூட்டு வாஷர் புதுசாப் போட்டு, நட்டை இறுக்குங்க. முதல்ல காலி மைதானத்துல, ரெண்டு பக்கமும் முழு ஒடிப்பு ஒடிச்சுப் பாருங்க. ஹாரன் அடிங்க. அப்புறம்தான் ரோடு.

கடைசியா, சேலத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டது: இப்படிப் பழுது பார்த்தா விண்டேஜ் பதிவுக்குப் பிரச்சினை வருமா? 2021 ஜூலைல வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும், நம்பர்ல வி.ஏ.ன்னு வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. வண்டி அசல் வடிவத்துல இருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இதுல பெரிய மாற்றம் கூடாதுங்கறதுதான் நிபந்தனை. அசல் ஸ்டியரிங்கையே பழுது பார்த்து மாட்டறது மாற்றம் ஆகாது. ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க, விண்டேஜ் பதிவு வாங்கினா அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான். பெரியப்பா வண்டியும் 50 தொடற வயசுல இருக்கு. அவர் வேண்டாம்னுட்டார். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போகணுமாம், அதனால அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை சாதாரணப் புதுப்பிப்புதான்.

பழைய ஸ்டியரிங்கை என்ன பண்ணோம்னு கேப்பீங்க. ஏழு விரிசலையும் திறந்தது திறந்தபடி, பாதிக் கம்பி தெரிய, ஷெட் சுவர்ல மாட்டியிருக்கார். யாராவது வந்து "இதையே மூடி ஓட்டியிருக்கலாமே"ன்னு சொன்னா, எடுத்துக் கையில கொடுத்து, "அந்த இடத்தை விரலால தடவிப் பாரு"ங்கறார்.

அடுத்த எபிசோடு டைனமோ. சார்ஜ் லைட் அணையாம எரியுதுன்னு எழுதியிருந்த அரியலூர் நண்பர், அதுக்குள்ள கார்பன் பிரஷ் எவ்வளவு நீளம் மிச்சம் இருக்குன்னு அளந்து அனுப்பி வையுங்க, அதை வெச்சே ஆரம்பிக்கலாம்.